வீட்டுப் பலகாரத் தொழிலுக்குத் தனித் தொலைபேசி எண்: எந்த இணைப்பை வாங்குவது?

கேள்வி: காரைக்குடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் எங்கள் பழைய வீட்டிலேயே என் மாமியாரும் நானும், உதவிக்கு வரும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஆறு ஆண்டுகளாகத் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் ஆகிய பலகாரங்களைச் செய்து விற்று வருகிறோம். தொடக்கத்தில் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் மட்டுமே வாங்கியதால், என் சொந்தக் கைபேசி எண்ணையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். இப்போது சென்னை, கோவை மட்டுமல்லாமல், சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஒரு நாளைக்கு அறுபது அழைப்புகள் வரை வருகின்றன. அவற்றில் பாதியை என்னால் எடுக்க முடிவதில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறேன், கையெல்லாம் மாவு. கழுவிக்கொண்டு வருவதற்குள் மணி நின்றுவிடுகிறது.

வீட்டின் அமைப்பு இன்னொரு தொல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் என்பதால், அடுப்படி இருக்கும் இரண்டாம் கட்டில் சிக்னல் கிடைப்பதே இல்லை. கைபேசியை வளவில் முற்றத்துத் தூணருகே வைத்தால்தான் மணியே அடிக்கும். வங்கிக் கணக்கு, யுபிஐ, மகளின் கல்லூரித் தொடர்பு எல்லாம் அந்த ஒரே எண்ணில் இருப்பது எனக்கு நாளுக்கு நாள் அச்சத்தைத் தருகிறது.

அடுத்த மாதம் ஐந்தாயிரம் உறைகள் அச்சிடப் போகிறேன். அதற்கு முன்னால் தொழிலுக்கென்று தனி எண் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். என் கைபேசியிலேயே இரண்டாவது சிம் போடலாம் என்கிறார் கணவர். மகளின் படிப்புக்காக எப்படியும் ஃபைபர் இணையம் வாங்கப் போகிறோம், அதோடு வரும் தரைவழித் தொலைபேசி எண்ணையே பயன்படுத்தலாம் என்கிறாள் மகள். சிம் இல்லாமலே, வரும் அழைப்புகளை நம் கைபேசிகளுக்குத் திருப்பிவிடும் மெய்நிகர் எண் ஒன்றை மாத வாடகைக்குத் தருவதாக ஒரு முகவரும் வந்து பேசிவிட்டுப் போனார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: திருச்சி, ஓய்வு பெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்

வணக்கம் அம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் சொன்ன சுவரிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் எத்தனை சிம் வாங்கினாலும் அவை முற்றத்துத் தூணருகேதான் கிடக்கும்.

ஃபைபர் இணைப்பு வாங்கினால் வீட்டுக்குள் ஒரு பெட்டி வைப்பார்கள். அதன் பின்புறத்தில் தொலைபேசிக்கென்று ஒரு துளை இருக்கும். சாதாரணத் தொலைபேசியையோ கம்பியில்லாத் தொலைபேசியையோ அதில் இணைக்கலாம். கம்பியில்லாத் தொலைபேசியின் அலைகளையும் தடித்த சுவர்கள் தடுக்கும் என்பதால், முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு தொலைபேசிக் கம்பியை இழுத்து, அங்கே உரத்த மணியுள்ள சாதாரணக் கருவி ஒன்றை வைப்பதே உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். அதே போல, இணையக் கம்பி ஒன்றையும் இரண்டாம் கட்டு வரை இழுத்து அங்கே இன்னொரு வைஃபை கருவியை வைத்துவிடுங்கள். இந்தியாவில் 2019 டிசம்பர் முதல் தனியார் நிறுவனங்கள் வைஃபை வழியாகச் சாதாரண அழைப்புகளைப் பேசும் வசதியைத் தரத் தொடங்கின. அதற்குத் தனிச் செயலியோ தனிக் கட்டணமோ தேவையில்லை. கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று அந்த வசதியை இயக்கிவிட்டால், கோபுரத்தின் சிக்னல் எட்டாத அறையிலும் உங்கள் எண்ணுக்கு மணி அடிக்கும். உங்கள் கைபேசியும், நீங்கள் வாங்கும் சிம்மின் நிறுவனமும் இதைத் தருகின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி மின்சாரம். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊரே இருளில் இருந்தாலும் அது வேலை செய்தது. ஃபைபரில் வருவது ஒளி மட்டும்தான். வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டி நின்றுவிடும், தொலைபேசியும் நின்றுவிடும். ஆகவே அந்தப் பெட்டியை இன்வெர்ட்டரோடு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கென்றே விற்கும் சிறிய பேட்டரி ஒன்றை வாங்கி வையுங்கள். இணைப்பைத் தருபவர் உள்ளூர் கேபிள்காரராக இருந்தால், அவருடைய நிலையத்தில் பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்தடை இருக்கும்போது, உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தும் தொலைபேசி பேசாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

ஃபைபர் ஒரு நிறுவனத்திலும் கைபேசி வேறொரு நிறுவனத்திலும் இருப்பது நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாப் பகுதியில் கம்பங்கள் சாய்ந்து, மின்சாரம் நாள்கணக்கில் வராமல், கோபுரங்களும் ஓய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் கட்டி வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

மறுமொழி 2: கோவை, வீட்டில் ஆரி வேலை செய்பவர்

சகோதரி, உங்கள் கணவர் சொன்ன வழியைத்தான் நானும் முதலில் பின்பற்றினேன். அதில் எனக்கு ஏற்பட்ட இழப்புகளை எழுதுகிறேன்.

நான் ஒரே கைபேசியில் இரண்டு சிம் வைத்திருந்தேன். நம்மிடம் இருக்கும் சாதாரணக் கைபேசிகள் பலவற்றில், ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொரு சிம்முக்கு அழைப்பவருக்கு, அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவோ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவோதான் குரல் கேட்கும். உள்ளே அலைக்கருவி ஒன்றே இருந்து இரண்டு சிம்களும் அதை மாறி மாறிப் பயன்படுத்துவதுதான் காரணம். இது எனக்குத் தெரியாது. ஒரு மாலையில் என் தாயாரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, மணப்பெண் ரவிக்கைகளுக்காக ஒரு குடும்பத்தார் நான்கு முறை அழைத்திருக்கிறார்கள். நான் தொழிலையே விட்டுவிட்டதாக நினைத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். தவறிய அழைப்பாகக்கூட என் கைபேசியில் அது பதிவாகவில்லை. புதிய கைபேசிகள் சிலவற்றில் இந்தக் குறை இல்லை என்கிறார்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால், ஒரு சிம்மில் பேசிக்கொண்டே மற்ற சிம்முக்கு வேறொருவரை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். நான் அதன் பிறகு தொழிலுக்கென்று விலை குறைந்த தனிக் கைபேசி ஒன்றை வாங்கினேன். இரவு எட்டு மணிக்கு அதன் ஒலியை நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு உட்கார முடிகிறது என்பது நான் எதிர்பார்க்காமல் கிடைத்த நன்மை.

இரண்டாவது இழப்பு இதைவிடப் பெரியது. அந்தத் தொழில் எண் என் பெயரில் இல்லை. கொழுந்தனார் தம் பெயரில் வாங்கிக் கொடுத்த ப்ரீபெய்டு சிம் அது. நான் பேறுகாலத்துக்காகத் தாய் வீட்டில் இருந்த மாதங்களில் யாரும் அதற்கு ரீசார்ஜ் செய்யவில்லை. இந்தியாவில் 90 நாள்கள் பயன்பாடே இல்லாமல், கணக்கில் 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் கிடக்கும் ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும். என் எண்ணும் அப்படித்தான் போனது. திரும்பக் கேட்டபோது, அது என் பெயரில் இல்லாததால் என்னிடம் பேசவே மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருந்த எண் அது, சகோதரி. எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதுதான் அந்தத் தொழிலின் வாசல். தயவுசெய்து உங்கள் பெயரில், உங்கள் ஆதாரை வைத்து, நீங்களே கடைக்குச் சென்று வாங்குங்கள். கணவர் பெயரில் கூட வேண்டாம் என்பேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியையும் இந்தப் புதிய எண்ணிலேயே தொடங்குங்கள். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் செயலியிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பலகாரங்களின் படம், விலை, எடை எல்லாவற்றையும் அதன் பட்டியலில் போட்டுவிடலாம். அடுப்படியில் இருக்கும் நேரத்தில் வரும் செய்திகளுக்கு, "மாலை நான்கு மணிக்குப் பதில் அனுப்புகிறோம்" என்று அதுவே விடை சொல்லும். முதன்மைக் கைபேசியோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால், உங்கள் மகள் தன் மடிக்கணினியிலிருந்தே ஆர்டர்களைக் குறித்துக்கொள்ள முடியும்.

மறுமொழி 3: மதுரை, கணக்காளர்

உறை அச்சிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு, பொட்டலமிட்ட பண்டங்கள் விதிகளின்படி, நுகர்வோர் குறை சொல்வதற்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் அச்சிடும் எண் விளம்பரத்துக்கான எண் மட்டுமல்ல, சட்டம் கேட்கும் எண்ணும்கூட. அந்த எண் நாளை உங்கள் கையை விட்டுப் போனால் ஐந்தாயிரம் உறைகளும் வீண்.

இதனால்தான் ஃபைபரோடு வரும் தரைவழி எண்ணை மட்டும் நம்பி அச்சிட வேண்டாம் என்கிறேன். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை இந்தியா முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2015 ஜூலை முதல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த உரிமை கைபேசி எண்ணுக்கு மட்டுமே உண்டு. தரைவழி எண்ணுக்கு இல்லை. அந்த நிறுவனத்தின் சேவை பிடிக்காமல் நீங்கள் வேறொன்றுக்கு மாறினால், எண்ணையும் விட்டுவிட வேண்டியதுதான்.

யுபிஐ பற்றிய உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. வங்கியின் ஓடிபி வந்து சேரும் எண்ணை உறையில் அச்சிடுவது, பெட்டகத்தின் சாவியை வாசலில் மாட்டி வைப்பது போன்றது. பழைய எண்ணை வங்கிக்கும் குடும்பத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண்ணில், தொழிலுக்கென்று தொடங்கிய தனிக் கணக்கை மட்டும் இணையுங்கள்.

சரக்கு சேவை வரியில் நீங்கள் பதிவு செய்தவரா என்று எழுதவில்லை. தொலைபேசிக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு வரி இருக்கிறது. பதிவு செய்தவராக இருந்து, உங்கள் பதிவு எண்ணுடன் போஸ்ட்பெய்டு ரசீது பெற்றால், அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லையென்றால் இதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோவைச் சகோதரி எழுதியதைப் படித்தவுடன் வீட்டில் இருக்கும் சிம்களை எடுத்துப் பார்த்தேன். என் மாமியாரின் கைபேசியில் இருப்பது, வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனார் மகன் பெயரில் வாங்கியது என்று இன்றுதான் தெரிந்தது.

இரண்டு ஐயங்கள். நான் எடுக்காத அழைப்பைத் தானாகவே மகளின் கைபேசிக்குத் திருப்பிவிட முடியுமா? அந்த மெய்நிகர் எண்ணை முற்றிலும் ஒதுக்கிவிடலாமா?

மறுமொழி 4: திருச்சி, ஓய்வு பெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்

திருப்பிவிடலாம் அம்மா. எல்லா அழைப்புகளையும் திருப்புவது, எடுக்காவிட்டால் மட்டும் திருப்புவது, வேறு அழைப்பில் இருந்தால் திருப்புவது, சிக்னல் இல்லாவிட்டால் திருப்புவது என்று அதில் நான்கு வகைகள் உண்டு. உங்களுக்குப் பின்னால் சொன்ன மூன்றும் தேவை, முதலாவது தேவையில்லை. கைபேசியில் அழைப்பு அமைப்புகளுக்குள் இவை இருக்கும். இல்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. உங்கள் எண்ணை உறையில் அச்சிட்ட பிறகு முன்பின் தெரியாதவர்கள் அழைப்பார்கள். கூரியரிலிருந்து பேசுகிறோம், தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். *401# என்ற குறியீட்டைக் கொண்டு மக்களின் அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பி, ஓடிபிகளைக் குரல் அழைப்பாகப் பெற்றுப் பலர் ஏமாற்றினார்கள். அதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த முறையில் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தி வைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. மாமியாருக்கும் உதவிக்கு வரும் பெண்களுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்காத எண் ஏதேனும் அங்கே தெரிந்தால் அங்கேயே புகார் செய்யலாம். நாத்தனார் மகன் பெயரில் இருப்பதை அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது மாமியாரின் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 5: சென்னை, வீட்டிலிருந்து பயண முன்பதிவு செய்பவர்

மெய்நிகர் எண்ணைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன் என்பதால் அதன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை நான்கு ஊர்களில் இருக்கும் நான்கு பேருக்குப் பகிர்ந்து அனுப்பவும், உரையாடலைப் பதிவு செய்து வைக்கவும், எடுக்காத அழைப்புகளின் பட்டியலை மாலையில் பார்க்கவும் அது மிகவும் உதவுகிறது. என் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எண் வாடகை வீடு போன்றது. வாடகையை நிறுத்தினால் எண் அவர்களிடமே திரும்பிவிடும். மேலும், அதிரசம் கேட்டு அழைக்கும் பெரியவர்கள், எடுத்தவுடன் "ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்" என்ற இயந்திரக் குரலைக் கேட்டால் வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு உங்கள் மாமியாரின் குரல்தான் வேண்டும்.

இன்னொன்று. புதிய எண்ணைக் கடையில் வாங்கியவுடன் அச்சகத்துக்கு ஓடாதீர்கள். புதிய எண் என்று கொடுப்பது பெரும்பாலும் முன்பு வேறொருவர் வைத்திருந்து விட்ட எண்ணாக இருக்கும். எனக்கு முதலில் கிடைத்த எண்ணுக்கு, முன்னால் வைத்திருந்தவர் கட்டாத கடனைக் கேட்டு ஒரு நாளைக்குப் பத்து அழைப்புகள் வந்தன. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலியில் வேறொருவர் பெயரே தெரிந்தது. மூன்று வாரங்கள் வைத்துப் பார்த்து, தொல்லை இல்லை என்று உறுதியான பிறகு அச்சிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து கேட்டவர்

நன்றி ஐயா. இன்று வீட்டில் அனைவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். என் பெயரில் புதிய போஸ்ட்பெய்டு கைபேசி எண் ஒன்றை வாங்கி, அதைத் தனிக் கைபேசியில் வைத்து, உறையில் அதையே முதலில் அச்சிடுவது. ஃபைபரை வேறு நிறுவனத்திடம் வாங்கி, இரண்டாம் கட்டு வரை இரண்டு கம்பிகளையும் இழுத்துவிடுவது. அதோடு வரும் தரைவழி எண்ணை உள்ளூர்க்காரர்களுக்கும், அந்த மணி ஓசைக்கே பழகிப்போன என் மாமியாரின் தோழிகளுக்கும் கொடுப்பது. மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்பதால் அச்சகத்தில் தேதியைத் தள்ளி வைத்துவிட்டேன். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து அழைப்பவர்களுக்காக எண்ணை எப்படி அச்சிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 6: திருச்சி, ஓய்வு பெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்

கைபேசி எண்ணுக்கு முன்னால் +91 என்று போட்டு, ஐந்து ஐந்து இலக்கங்களாக இடைவெளி விட்டு அச்சிடுங்கள்; உள்நாட்டில் கைபேசியிலிருந்து அழைப்பவர்களும் அதை அப்படியே அழைக்கலாம். தரைவழி எண்ணை உள்ளூருக்காக அச்சிடும்போது 04565 என்று தொடங்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும்போது அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டு +91 4565 என்று எழுத வேண்டும். இரண்டையும் கலந்து +91 04565 என்று அச்சிட்டுவிட்டால் அங்கிருந்து அழைப்பவருக்கு இணைப்பு கிடைக்காது. இந்தப் பிழையோடு வந்த அழைப்பிதழ்களையும் விளம்பர அட்டைகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுப்படியில் வைக்கும் தரைவழித் தொலைபேசியிலிருந்து வாடிக்கையாளரின் கைபேசியைத் திரும்ப அழைக்கும்போது, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. மாமியாருக்கு நினைவிருக்கும் வகையில் ஒரு சிறு சீட்டில் எழுதித் தொலைபேசியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள் அம்மா.